அசையாத காசு

என் அத்தானைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பிட்காயின் என்றால் தின்பதா உடுத்துவதா என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே ரொட்டிக்கு அதை வாங்கிப் போட்டவராயிற்றே, விற்காமல் வைத்திருந்தால் இன்றைக்கு எங்கேயோ போயிருப்பாரே என்பார்கள். அத்தான் தலையைக் குனிந்துகொள்வார். பாவம், விட்டதை நினைத்து மனுஷன் நொந்து கிடக்கிறார் என்று அவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அத்தான் மறுப்பதில்லை. பணத்தைக் கோட்டை விட்டவர் என்ற பெயர் அவருக்கு வசதியாக இருக்கிறது. அவர் குனிவது வேறொன்றுக்காக.

நான் பக்கத்துக் கடைக்காரன். மூக்குக்கண்ணாடி விற்கிறேன். அவர் மனைவி என் அக்கா. என் கடைக்கும் அவர் ரொட்டிக் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான், அவர் பேசுகிற பேச்சில் பாதி என் கடையில் விழும். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவர்மேல் கோபப்படவும் உண்டு.

தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சுடச்சுட’. ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கியதும் வாசலில் நின்று, “சுடச்சுட இருக்கு, வாங்க” என்று கூப்பிடுவார். அதனால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெருவுக்கு வேறு காரணம் இருந்தது. அவர் காதில் விழுந்த எந்தச் சேதியும் ஆறிப்போகும்வரை அவர் வாய்க்குள் தங்கியதில்லை. அக்காவைக் கல்யாணம் பேச வந்த அன்றே, யாரும் கேட்காமல், தனக்குக் குறட்டை பலமாக வரும் என்றும் மேல்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது என்றும் எங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத மாப்பிள்ளை என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நாங்களும் அதை நல்ல குணம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம்.

இன்னொரு குணமும் உண்டு. புதுசு என்றால் அவருக்குக் கை பரபரக்கும். எங்கள் தெருவில் மாவு பிசைகிற மெஷினை முதலில் வாங்கியது அவர். கார்டு தேய்க்கிற மெஷினை முதலில் வைத்ததும் அவர்தான். தேய்க்கக் கார்டு வைத்திருந்தவர்கள் அப்போது தெருவில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள், அவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

கடைக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு பெண்மணியை நாங்கள் மாடி மேடம் என்போம். தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சர்க்கரை தூவிய பன்னாகப் பார்த்து எடுப்பவர். ஒருநாள் பர்ஸை மறந்து வந்தவர், என் போனில் ஒரு காசு இருக்கிறது, எந்த அரசாங்கமும் அச்சடிக்காதது, எந்த வங்கியிலும் இல்லாதது, வாங்கிக்கொள்வீர்களா என்று விளையாட்டாகக் கேட்டார். வேறு எவராவது இருந்தால் பன்னை அலமாரிக்குள் திருப்பி வைத்திருப்பார்கள். அத்தான் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, சொல்லிக் கொடுங்கள் என்று எதிரே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் கல்லாவுக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் ஏறியது. போனை அதற்கு நேரே காட்டினால் காசு கடைக்கு வந்துவிடும். கட்டத்துக்குக் கீழே அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களும் நீளமாக ஒரு வரி. அதுதான் இந்தக் காசு வந்து சேரும் இடம். அத்தான் இரண்டையும் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து மாட்டினார். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. வருகிற ஆளுக்கெல்லாம் புதுக்கட்டம் போட்டுக் கொடுங்கள், அதுதான் நல்லது, ஒரே கட்டத்தில் வாங்கினால் எங்கிருந்து வந்தது எங்கே போனது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றார்.

“பாத்தா பாக்கட்டும் மேடம்” என்றார் அத்தான். “ரொட்டி விக்கிறதுல என்ன ரகசியம் இருக்கு? தினம் ஒரு போர்டை மாத்துற கடையை யாரு நம்புவா?”

கடைக்காரனுக்குக் கடைக்காரன் பேச்சுத்தானே சரியாகப் படும். எனக்கும் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அவர் அதோடு நிற்கவில்லை. இந்தக் காசை வாங்கும் கடைகளை எல்லாம் யாரோ இணையத்தில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதில் கடையின் பெயர், தெரு, வழி எல்லாம் போடச் சொன்னார். வருகிறவர்கள் சரியான கடைதானா என்று சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த நீளமான எழுத்து வரியையும் சேர்த்துப் போடச் சொன்னார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து போர்டுக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்துப் படம் எடுத்தார். வீட்டில் இருந்த ஒரே கோட்டை அன்றைக்குப் போட்டுக்கொண்டார். அடுப்படிக்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அதாவது வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார்.

வியாபாரம் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மாடிக் கம்பெனிக்காரர்கள் வேடிக்கைக்கு வந்து வாங்கினார்கள். அந்தக் காசின் விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. மேடம் சொல்லும் விலையை அத்தான் சாக்பீஸால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கரும்பலகையே வெள்ளைப்பலகை ஆகிவிட்டது. அனுப்பிய காசு உறுதியாக வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிவதற்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை பன்னைக் கையில் வைத்துக்கொண்டு மனுஷர் எவ்வளவு நேரம் நிற்பார்? அத்தான் அடுப்படியிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது அந்த நேரம்தான். சில்லறை கொடுத்து ரொட்டி வாங்குகிறவன் வாங்கியதும் போய்விடுகிறான். ஸ்டூலில் உட்கார்ந்தவன் எங்கே போவான்? பேசித்தான் ஆகவேண்டும்.

அந்த ஸ்டூலில் தினமும் வந்து உட்கார்ந்தவள் ஒரே ஒருத்தி. புதிதாகக் குடிவந்தவள், கூடவே ஒரு சின்னப் பெண். காலையில் நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே இருவரும் வாசலில் நிற்பார்கள். கண்ணாடி கீறிய பழைய போனைக் கட்டத்துக்கு நேரே பிடித்துவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார, குழந்தை பன்னை ஓரத்திலிருந்து வட்டமாகக் கடித்துக்கொண்டே போகும். முதலில் அவள் பேசவே மாட்டாள். அத்தானிடம் அதெல்லாம் நடக்குமா? தன் குறட்டையில் தொடங்கி ஆடும் பல்வரை எல்லாவற்றையும் அவர் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அவளும் இரண்டு வார்த்தை பேசினாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே ஏதோ டைப் அடித்துக் கொடுக்கிறாள், கூலி இந்தக் காசாகத்தான் வருகிறது, பின்சந்தில் சலவைக் கடைக்கு மேலே அறை. இதெல்லாம் அந்த ஸ்டூலில் கிடைத்த சேதிகள். அத்தான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் அவர் சொன்ன ஏதோ ஒரு மொக்கை ஜோக்குக்கு அவள் சிரித்துவிட்டாள். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அவளுக்கு அந்தக் காசு வேடிக்கை இல்லை. அது அக்காவுக்கு மட்டும் தெரியும். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்தவள் அவள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது, அதைத் தொட்டால் அவனுக்கு உடனே தெரிந்துவிடும். அவன் விளையாட்டுக் காசு என்று கேலி செய்து விட்டுவைத்தது இது ஒன்றைத்தான். தாயும் பிள்ளையும் வாடகையும் பாலும் ரொட்டியுமாக அதை வைத்துத்தான் ஓட்டினார்கள். மாடி மேடம் அவளுக்கு அதில் கொஞ்சத்தை மாற்றிக் கொடுப்பார். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான், அண்ணனிடம் சொல்ல வேண்டாம். அக்காவும் சொல்லவில்லை. தன் புருஷனின் வாய் அவளுக்குத் தெரியாதா?

ஒரு மத்தியானம் அவன் வந்தான். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன், டீ குடிக்கப் போயிருந்தேன். தேய்த்த சட்டை, மென்மையான குரல். பத்திரிகைப் படத்தைப் போனில் காட்டி, நீங்கள்தானே இவர் என்றான். இவ்வளவு முன்னாடி யோசித்திருக்கிறீர்களே என்று போர்டைப் பார்த்து வியந்தான். அத்தானுக்கு அது போதாதா? முதல்நாள் கதையிலிருந்து ஆரம்பித்தார். சர்க்கரை தூவிய பன் ஒன்றைக் காசு வாங்காமல் அவன் கையில் வைத்தார். அவன் அதைக் கடித்துக்கொண்டே, நிஜமாகவே யாராவது இதில் ரொட்டி வாங்குகிறார்களா என்று கேட்டான்.

“தினமும் காலையில வர்றாங்களே ஒரு தங்கச்சி, குழந்தையோட” என்றார் அத்தான்.

கைக்குழந்தையா என்றான் அவன். இல்லை, நடக்கிற குழந்தை, படு சுட்டி என்றார் இவர். பக்கத்திலேயே குடியிருக்கிறார்களோ என்றான். பின்சந்து, சலவைக் கடைக்கு மேலே என்றார். அவன் யாரென்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை. பன் பிரமாதம் என்று சொல்லி, காகிதத்தை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனான். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, நல்ல மனிதன் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் அக்கா கடைக்கு வந்ததும் அத்தான் அதையும் சுடச்சுடப் பரிமாறினார். வெளியூரிலிருந்து ஒருத்தர் நம்ம போர்டைத் தேடியே வந்தார் என்று ஆரம்பித்தவர் முடிக்கும்போது அக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவள் செருப்புக்கூடப் போடாமல் பின்சந்துக்கு ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

அறைக் கதவு திறந்து கிடந்தது. நாற்காலி ஒன்று கால் உடைந்து கவிழ்ந்திருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்திருந்தது. பின்பக்கப் படிகளில் சொட்டுச் சொட்டாக ரத்தம், மூன்றாவது படியில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு. சலவைக் கடைக்காரர் மேலே ஏதோ சத்தம் கேட்டது என்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆள் தனியாக இறங்கி வந்து, பின்னால் இன்னொரு வழி இருக்கிறதா என்று கேட்டானாம். ரத்தம் யாருடையது, தாயும் பிள்ளையும் தப்பினார்களா, தப்பிப் போகும் வழியில் பிடிபட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. போலீஸில் சொன்னோம். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார்கள். அத்தான் விழித்தார். ஊர் உலகத்துக் கதையெல்லாம் அவளிடம் பேசியவர் அவள் பெயரைக் கேட்டதில்லை. அக்காவிடமும் அவள் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. தங்கச்சி என்று அத்தான் சொன்னார், அதை எழுதிக்கொள்ள முடியாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பார்த்து, “நீ எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனா?” என்றார்.

“சொல்லியிருந்தா அதையும் சேத்துச் சொல்லியிருப்பீங்க” என்றாள் அக்கா.

அவள் கத்தியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் ஷட்டர் திறக்கவில்லை. என் அக்காமீதும் எனக்கு அன்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பென்ன என்று யோசித்தால் ஒன்றும் இல்லை.

அவன் எப்படி வந்தான் என்பதை மாடி மேடம்தான் பிறகு விளக்கினார். அவளுக்குக் கூலி வந்து சேரும் எழுத்து வரி, பழைய மின்னஞ்சல் ஒன்றில் அவன் கண்ணில் பட்டிருக்கும். காசை எடுக்க அவனால் முடியாது, அதற்குச் சாவி மாதிரி ஒரு ரகசிய எண் உண்டு, அது அவளிடம்தான் இருந்தது. ஆனால் பார்க்க யாராலும் முடியும். அவள் காசு தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே இடத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறான். அந்த இடத்தின் எழுத்து வரியை இணையத்தில் தேடினால் எங்கள் கடையின் பெயர், தெரு, வழி, கோட்டுப் போட்ட அத்தான். மேடம் இதைச் சொல்லி முடித்ததும் அத்தான் எழுந்துபோய்ச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். அவர் நீட்டியதை வாங்கி நான் மாவு மூட்டைக்குப் பின்னால் சொருகினேன்.

அன்றோடு அந்தக் காசு வியாபாரம் நின்றது. இருந்ததை மேடத்திடமே மாற்றி, அந்தப் பணத்தைப் பெண்கள் தங்கும் ஒரு காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். விலை ஏறிய பிறகு, அடடா விற்றுவிட்டீர்களே என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவர் இதைச் சொன்னதில்லை. தன் வாயால் ஒரு நல்லது வெளியே வருவதும் அவருக்குக் கூசியது. வாசலில் நின்று கூப்பிடுவதும் நின்றது. வாடிக்கையாளர்கள் தொண்டை சரியில்லையா என்று கேட்டார்கள்.

ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. அவன் பார்த்த அதே பக்கத்தைத் திறந்து பார்க்க மேடத்திடம் கற்றுக்கொண்டார். தினமும் முதல் தட்டு அடுப்புக்குள் போனதும் போனை எடுப்பார். அவளுடைய மிச்சக் காசு அங்கே அப்படியே இருக்கும். எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை. மாதங்கள் போயின, அது அசையவில்லை. ஒருநாள் என் கடைக்கு வந்து கண்ணாடியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு நின்றார்.

“அது நகந்தா அவ உசுரோட இருக்கான்னு அர்த்தம், மாப்ளே. ஆனா நகந்தா அவனும் பாப்பானே. நான் எதை வேண்டிக்கிறது?”

துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். செய்தது அவர். யாரும் அவரைத் தண்டிக்கவில்லை என்பதால், தனக்குத் தானே இப்படி ஒரு தண்டனையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை அது அசைந்தது. தடுப்புக்கு அந்தப்பக்கம் ரொட்டித் தட்டு ஒன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். அத்தான் போனை நீட்டினார். மிச்சக் காசிலிருந்து ஒரு துளி மட்டும் வெளியேறியிருந்தது, அவள் கடைசியாக ரொட்டி வாங்கிய அன்று அனுப்பிய அதே அளவு. அது வந்து சேர்ந்த இடம் எங்கள் கடை. கழற்றி மாவு மூட்டைக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த அந்தக் கட்டம்.

கடையில் யாரும் அன்று அப்படி ரொட்டி வாங்கவில்லை. மேடம் இறங்கி வந்து பார்த்தார். எங்கிருந்து வேண்டுமானாலும் அனுப்பலாம், அனுப்பிய ஊர் இதில் தெரியாது, சாவி யார் கையில் இருக்கிறது என்றும் தெரியாது என்றார். அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளா? சாவியை அடித்துப் பிடுங்கிக்கொண்ட அவனா? அவனாக இருந்தால் அவள் என்ன ஆனாள்? இரண்டு நாள் அவர் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் அவன் வந்தான். அதே தேய்த்த சட்டை, அதே மென்மையான குரல். கண்கள் மட்டும் கடையின் மூலை முடுக்கெல்லாம் துழாவின. ரொம்ப நாளாயிற்று என்றான். அந்தப் பெண் மறுபடியும் இங்கே வருகிறாளாமே என்றான்.

அத்தானின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இவன் தேடி வந்திருக்கிறான் என்றால் காசை அனுப்பியது இவன் இல்லை. அவள் இவன் கையில் இல்லை. அவள் இருக்கிறாள், இந்த ஊரில் இல்லாத எங்கேயோ இருக்கிறாள். இருந்துகொண்டு ஒரு ரொட்டிக் காசை இங்கே வீசி, இவனை இங்கே திருப்பிவிட்டிருக்கிறாள். அந்த ஆளைப் பார்த்து ஆனந்தப்பட்டவர் உலகத்திலேயே என் அத்தான் ஒருவராகத்தான் இருக்கும்.

“தினமும் காலையில வர்றாங்களே” என்றார்.

அதே வார்த்தை, அதே குரல். அன்றைக்கு அது உண்மை. ஒரு பன்னை எடுத்து அவன் கையில் வைத்தார், இந்த முறையும் காசு வாங்கவில்லை. எங்கே குடியிருக்கிறாள் என்று கேட்டான். அதெல்லாம் நான் கேட்பதில்லை, காலையில் வருவார்கள், போவார்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே மாவு மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவ என்னை மன்னிச்சாளா, இல்ல இந்தப் பாழாப்போன வாயை ஒரு காரியத்துக்கு எடுத்துக்கிட்டாளா என்று கேட்டார். எதுவாக இருந்தாலும் சரி என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது அவன் எதிர்ச் சாரியில் மூடிய கடை வாசலில் நின்றிருந்தான். அடுத்த நாளும் நின்றான். போலீஸில் போய்ச் சொன்னேன், தெருவில் நிற்பது குற்றமில்லை, புகார் கொடுக்க அந்தப் பெண் வரவேண்டும் என்றார்கள். அத்தான் மறுபடி வாசலுக்கு வந்து, சுடச்சுட இருக்கு வாங்க என்று தெருவே கேட்கக் கூப்பிட ஆரம்பித்தார். அவன் சலித்துப்போகக்கூடாது என்று, நேற்று நீங்கள் போன பிறகுதான் வந்தார்கள் என்று ஒருநாள் சொல்லி அனுப்பினார். வீட்டில் சாப்பிட்டார், குறட்டை விட்டுத் தூங்கினார். அக்காகூட அவரைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். குளிர்காலம் முழுக்க அவன் அங்கே நின்றான்.

ஒரு காலை எதிர்ச் சாரி காலியாக இருந்தது. அத்தான் ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி நின்றுவிட்டார். மறுநாளும் காலி, அதற்கடுத்த நாளும் காலி. தெருக்கோடிவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, என் கடை வாசல்படியில் உட்கார்ந்தார்.

“அவன் அங்க நின்னவரைக்கும் எனக்குத் தூக்கம் வந்துச்சு, மாப்ளே” என்றார். “இப்ப அவன் எந்தக் கடை வாசல்ல நிக்கிறானோ. அங்க எவன் வாயைத் திறக்கப் போறானோ.”

ரொட்டி கருகும் வாசனை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.